பார்மேர்

பார்மேர், இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்கே தார்ப் பாலைவனத்தில் அமைந்த நகரம்; அதே பெயருடைய மாவட்டத்தின் தலைநகர். இந்திய நிலப்பகுதியில் மசகு எண்ணெய் எடுக்கும் மிகப் பெரிய வயல்களுள் ஒன்றான மங்களா இந்நகருக்கு அருகில் உள்ளது. எண்ணெய் கண்ட பின் உருவான ஊரல்ல இது. இந்துக்களும் முஸ்லிம்களும் இசையாலும் கைத்தொழிலாலும் பல தலைமுறைகளாகப் பிணைந்து வாழ்ந்துவரும் பழைய பாலை நகரம்.

நிலமும் காலநிலையும்

ஜோத்பூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் பார்மேர் உள்ளது. மாவட்டத்தின் மேற்கு எல்லையில் பாகிஸ்தானின் சிந்து மாகாணம் தொடங்குகிறது. மணல்மேடுகள், பாறைக்குன்றுகள், உவர்நிலங்கள் ஆகியவற்றுக்கு இடையே வன்னி மரங்கள் நிற்கின்றன. கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டும். ஆண்டு மழை சராசரியாக 300 மி.மீ.க்கும் குறைவு, பிலிமத்தலாவை போன்ற கண்டி மலைநாட்டு ஊர்களில் பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆயினும் 2006 ஆகஸ்டில் சில நாட்களில் கொட்டிய பெருமழை கவாஸ் உள்ளிட்ட கிராமங்களை மூழ்கடித்தது. மணலுக்கு அடியில் உள்ள ஜிப்சம் படிவம் நீரை உறிஞ்சவிடாததால் வெள்ளம் வடியாமல் நெடுநாள் தேங்கிநின்றது.

வரலாறு

பழைய பார்மேர் இன்றைய நகருக்கு அப்பால் ஜூனா என்னும் இடத்தில் இருந்தது. ராவத் பீமா 1552இல் குன்றின் அடிவாரத்தில் இன்றைய நகரை நிறுவினார். மார்வார் அரசின் மாலானிப் பகுதியாக இருந்த இது 1949இல் ராஜஸ்தானுடன் இணைந்தது. ஜோத்பூரையும் சிந்துவையும் இணைத்த இருப்புப்பாதை நகரை வணிகத்தலமாக வளர்த்தது. 1947இன் பிரிவினையும் 1965, 1971 போர்களும் உறவினர்களை எல்லையின் இருபுறமும் பிரித்துவிட்டன. சிந்துப் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் பார்மேரில் வந்து குடியேறின. 1965இல் நின்ற எல்லைப் புகையிரதம் 2006 பெப்ரவரியில் முனாபாவ் வழியாகத் தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் மீண்டும் ஓடியது. 2019 ஆகஸ்டில் அதுவும் நின்றது. எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களுக்கு இது ஆறாத இழப்பு.

எண்ணெய்

1995இல் இங்கு எண்ணெய் தேடும் உரிமை வழங்கப்பட்டது. முதலில் ஷெல் நிறுவனமும் பின்னர் கெய்ர்ன் நிறுவனமும் தேடலை நடத்தின. 2004 ஜனவரியில் மங்களா வயல் கண்டறியப்பட்டது. அதைத் தொடர்ந்து பாக்யம், ஐஸ்வர்யா வயல்களும் தெரியவந்தன. 2009 ஆகஸ்ட் 29 அன்று பிரதமர் மன்மோகன் சிங் மங்களாவில் உற்பத்தியைத் தொடக்கிவைத்தார். கெய்ர்ன் இந்தியா 2017இல் வேதாந்தா நிறுவனத்துடன் இணைந்தது. அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு இவ்வயல்களில் 30 விழுக்காடு பங்கு உண்டு.

மங்களா எண்ணெயில் மெழுகு மிகுதி. ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அது உறைந்துவிடும். குளிர்கால இரவில் சாதாரணக் குழாயில் நகரவே நகராது. ஆகவே குஜராத் கடற்கரை வரை ஏறத்தாழ 670 கி.மீ. நீளும் குழாய்வழி முழுவதும் மின்சாரத்தால் சூடாக்கப்படுகிறது. உலகின் மிக நீளமான, தொடர்ச்சியாகச் சூடாக்கப்படும் எண்ணெய்க் குழாய்வழியாக இது அறியப்படுகிறது. பாலையின் நன்னீர் மக்களுக்கே போதாது என்பதால், எண்ணெயை உந்தி மேலேற்ற ஆழ்நிலத்து உவர்நீர் பயன்படுகிறது. அப்போது பார்மேர் மாவட்டத்தில் இருந்த பச்பத்ராவில் சுத்திகரிப்பு நிலையப் பணிகள் 2018 ஜனவரியில் தொடங்கின; ஆண்டுக்கு 90 இலட்சம் தொன் என்பது அதன் திட்டமிட்ட கொள்ளளவு. 2023 மாவட்டப் பிரிப்பில் பச்பத்ரா புதிய பாலோத்ரா மாவட்டத்துக்குப் போய்விட்டது.

சீனாவின் சிஞ்சியாங்கில் உள்ள கரமாய் நகரோடு பார்மேரை ஒப்பிடுவது பயன் தரும். 1955இல் அங்கு எண்ணெய் கிடைத்த பின்னரே வெறும் பாலையில் நகரம் எழுந்தது. கிழக்கிலிருந்து வந்த ஹான் தொழிலாளர்கள் பெரும்பான்மையாகவும் உய்குர் மக்கள் சிறுபான்மையாகவும் அமைந்தனர். பார்மேரிலோ வெளியூர்ப் பொறியியலாளர்கள் வந்தபோது, ஒருவரோடொருவர் வாழும் முறையை ஊர் எப்போதோ வகுத்திருந்தது.

மக்களும் இசையும்

2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 26 இலட்சம். இவர்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் முஸ்லிம். மார்வாரியும் எல்லையோரத் தாட்கியும் இரு சமயத்தாருக்கும் பேச்சுமொழிகள்.

மாங்கணியார் என்னும் முஸ்லிம் இசைக்குலத்தார் இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் பரம்பரைப் பாடகர்கள். குழந்தை பிறந்தாலும் மணம் நடந்தாலும் அவ்வீட்டு முற்றத்தில் வந்து குடிவழியைப் பாடுவது அவர்களின் உரிமை. தானியம், கால்நடை, பணம் தந்து அவர்களை ஆதரிப்பது அவ்வீட்டாரின் கடமை. இந்துத் தெய்வப் பாடல்களும் சூஃபிப் பாடல்களும் ஒரே பாடகரின் வாயிலிருந்து வரும். அவர்களின் வில்வாத்தியமான கமாய்ச்சா மாமரத்தைக் குடைந்த வட்டக் குடத்தில் ஆட்டுத்தோல் போர்த்துச் செய்யப்படுவது. நரம்பு கட்டிய தந்திகளிலிருந்து கரகரப்பும் கனிவும் கலந்த ஒலி எழும். நாட்டாரியல் அறிஞர் கோமல் கோத்தாரி (1929–2004) இவர்களை உலக மேடைகளுக்கு அறிமுகப்படுத்தினார். கமாய்ச்சா வாசிப்பவரும் செய்பவரும் குறைந்துவருகின்றனர். எண்ணெய் வருவாயில் சிறு பங்கேனும் இக்கலையைக் காக்கச் செலவிடப்பட வேண்டும்.

கைத்தொழில்

கத்ரி சமூகத்தாரின் அஜ்ரக் அச்சுத்துணி புகழ்பெற்றது. துணியைப் பலமுறை அலசி, சுண்ணாம்பும் பிசினும் கலந்த கூழை மர அச்சால் ஒற்றிச் சாயம் ஏறாத இடங்களைக் காக்கின்றனர். பின் அவுரியில் தோய்த்தால் நீலமும், படிகாரம் ஒற்றி மஞ்சிட்டியில் காய்ச்சினால் சிவப்பும் ஏறும். துண்டுத்துணி ஒட்டுத்தையல் பெண்களின் தொழில். சிந்துவிலிருந்து வந்த குடும்பங்கள் இதைப் பெரிதும் வளர்த்தன.

பயணம்

ஒக்டோபர் முதல் மார்ச் வரை செல்வது நல்லது. ஜோத்பூரிலிருந்து புகையிரதமும் பேருந்தும் உண்டு. நகரிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் கிராடுவின் கற்கோயில்கள் உள்ளன. 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றுள் சோமேசுவரர் கோயில் சிற்பச் செறிவுமிக்கது. கம்பு ரொட்டியும், வன்னிக்காயும் கேர்க்காயும் சேர்த்த கறியும் இவ்வூர் உணவு. எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு இலங்கையர் உள்ளிட்ட வெளிநாட்டவர் மாவட்ட நிர்வாகத்திடம் முன்அனுமதி பெற வேண்டும். எண்ணெய் நிலையங்கள் பாதுகாப்பு வளாகங்கள் என்பதால் அங்கே பயணி பார்க்கக் கிடைப்பது வேலிதான். பார்மேரை அறிய அச்சுப்பட்டறைகளும் மாங்கணியார் குடியிருப்புகளுமே உரிய இடங்கள்.