ஜான் குவின்சி ஆடம்ஸ்

ஜான் குவின்சி ஆடம்ஸ் (ஜூலை 11, 1767 – பிப்ரவரி 23, 1848) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 6ஆவது அதிபர். 2ஆவது அதிபர் ஜான் ஆடம்ஸின் மூத்த மகன். தூதர், செனட் உறுப்பினர், வெளியுறவு அமைச்சர், அதிபர் என்று அந்நாட்டின் பெரிய பதவிகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, 64 வயதில் பிரதிநிதிகள் சபையின் சாதாரண உறுப்பினராக வந்து உட்கார்ந்தார். இறக்கும்வரை அந்த இருக்கையை விடவில்லை. அதிபராக இருந்துவிட்டு அந்தச் சபைக்கு வந்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவருடைய அதிபர் பதவிக்காலம் பெரும்பாலும் தோல்வியில் கழிந்தது. அதற்குப் பின் வந்த 17 ஆண்டுகளே அவரை வரலாற்றில் உயர்த்தி வைத்தன.

மாசசூசெட்ஸின் பிரைன்ட்ரீ ஊரில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி பின்னாளில் பிரிந்து குவின்சி நகரமாயிற்று. 1775 ஜூன் 17 அன்று, எட்டு வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தாய் அபிகெயிலுடன் ஒரு குன்றின்மேல் நின்று அமெரிக்க விடுதலைப் போரில் நடந்த பங்கர் ஹில் சண்டையின் புகையையும் சார்ல்ஸ்டவுன் நகரம் எரிவதையும் பார்த்தார். குடும்ப மருத்துவர் ஜோசப் வாரன் அன்றைய போரில் கொல்லப்பட்டார். சிறுவனின் விரல் எலும்பு முறிந்தபோது அதை வெட்டி எடுக்காமல் காப்பாற்றியவர் அவர். அந்த நாளை ஆடம்ஸ் முதுமையிலும் மறக்கவில்லை.

1778இல் தந்தை தூதராகப் பிரான்சுக்குப் புறப்பட்டபோது மகனையும் கப்பலில் அழைத்துச் சென்றார். மறு ஆண்டு இரண்டாம் பயணம். 1779 நவம்பரில், 12 வயதில், அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அந்தப் பயணத்தின்போதுதான். பாரிஸிலும் லைடனிலும் படித்தார். 14 வயதில் பிரான்சிஸ் டேனா என்ற தூதருக்குச் செயலராகவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றார். நாடு திரும்பி 1787இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்து பாஸ்டனில் தொழில் நடத்தினார். அந்தத் தலைமுறை அமெரிக்கரில் ஐரோப்பாவை இவ்வளவு இளமையில் இவ்வளவு நெருக்கமாகக் கண்டவர்கள் மிகச் சிலரே.

1794இல் அதிபர் வாஷிங்டன் அவரை நெதர்லாந்துக்குத் தூதராக நியமித்தார். அடுத்து பிரஷ்யா. இடையில், 1797 ஜூலையில், லண்டனில் லூயிசா கேத்தரின் ஜான்சனை மணந்தார். அமெரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் லண்டனில் பிறந்தவர் லூயிசா. கணவரின் கடுகடுத்த சுபாவத்தோடு அரை நூற்றாண்டு வாழ்ந்த அந்தப் பெண்மணியின் மனத்திடம் தனியாகப் பேசப்பட வேண்டியது. 1815 குளிர்காலத்தில் சின்ன மகனுடன் குதிரை வண்டியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸ் வரை, நெப்போலியன் போர்களால் பாழாகிக் கிடந்த நாடுகளைக் கடந்து, சுமார் 40 நாட்கள் பயணம் செய்தார். கணவர் அப்போது உடன் இல்லை.

1803இல் மாசசூசெட்ஸிலிருந்து செனட்டுக்குச் சென்ற ஆடம்ஸ், தம் ஃபெடரலிஸ்ட் கட்சியின் சொல்லுக்குத் தலையாட்டவில்லை. லூசியானா நிலப்பரப்பை வாங்கியதை ஆதரித்தார். 1807இல் அதிபர் ஜெஃபர்சன் கொண்டுவந்த வணிகத் தடைச் சட்டத்துக்கும் வாக்களித்தார். அந்தச் சட்டம் அவருடைய சொந்த மாநிலத்தின் துறைமுகங்களை முடக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். கோபமடைந்த மாநிலச் சட்டமன்றம் அவருடைய பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது. ஆடம்ஸ் பதவி விலகினார். கட்சி ஒரு பக்கமும் தம் அறிவு மறுபக்கமும் இழுக்கும்போது அவர் எந்தப் பக்கம் போவார் என்பதை நாடு அப்போதே பார்த்துவிட்டது.

அதிபர் மேடிசன் அவரை ரஷ்யத் தூதராக அனுப்பினார். 1811இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்து செனட்டும் ஒப்புதல் அளித்தபோது ஆடம்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். 1812இல் பிரிட்டனுடன் மூண்ட போரை முடித்த கென்ட் உடன்படிக்கை 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தானபோது அமெரிக்கக் குழுவின் தலைவர் அவர்தான். பிறகு சில ஆண்டுகள் லண்டனில் தூதர்.

1817 முதல் 1825 வரை அதிபர் மன்றோவின் வெளியுறவு அமைச்சராக இருந்த எட்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் வரைபடமே மாறியது. 1818இல் பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தம் ராக்கி மலைகள் வரையிலான வட எல்லையை 49ஆம் அட்சரேகையில் நிறுத்தியது. 1819இல் ஸ்பெயினின் தூதர் லூயிஸ் டி ஓனிஸுடன் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் ஃப்ளோரிடா கிடைத்தது. பசிபிக் கடல்வரை ஓர் எல்லைக்கோடும் கிடைத்தது. ஆனால் இந்த வெற்றிக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. 1818இல் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஸ்பெயினுக்கு உரிய ஃப்ளோரிடாவுக்குள் அத்துமீறி நுழைந்தார்; செமினோல் பழங்குடி மக்களைத் தாக்கினார். அமைச்சரவையில் அதை நியாயப்படுத்தியவர் ஆடம்ஸ் ஒருவரே. எல்லையை விரிக்கும் வேகத்தில் அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களை அவர் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

1823 டிசம்பர் 2 அன்று மன்றோ வெளியிட்ட கொள்கை அறிக்கையின் உள்ளடக்கத்திலும் ஆடம்ஸின் கை அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய அரசுகள் புதிய குடியேற்றங்களை நிறுவக்கூடாது என்றது அந்த அறிக்கை. இதைப் பிரிட்டனுடன் சேர்ந்து வெளியிடலாம் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கானிங் யோசனை சொன்னார். மூத்தவர்களான ஜெஃபர்சனும் மேடிசனும் அதற்கு இசைந்தார்கள். பெரிய கப்பலின் பின்னால் சிறு படகாகத் தொற்றிப் போக வேண்டாம், தனியாகவே பேசுவோம் என்று ஆடம்ஸ் பிடிவாதமாக நின்றார். அவர் எண்ணப்படியே நடந்தது.

1824 அதிபர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். தேர்வாளர் வாக்குகளில் ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபோர்ட் 41, ஹென்றி கிளே 37 பெற்றனர். யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. 1825 பிப்ரவரி 9 அன்று 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸுக்கு வாக்களித்தன. அவரை ஆதரித்த கிளே சில நாட்களில் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டதும், பதவிக்காகப் பேசி முடித்த பேரம் என்று ஜாக்சன் ஆட்கள் கூக்குரல் எழுப்பினார்கள். பேரம் நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் அப்படி ஒரு நியமனம் மக்கள் கண்ணில் எப்படிப் படும் என்பதை உணராமல் விட்டது ஆடம்ஸின் பெரும் பிழை. அந்தக் கறை நான்கு ஆண்டும் அவரை விடவில்லை.

முதல் ஆண்டறிக்கையில் தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக் கூடம், சாலைகள், கால்வாய்கள் என்று பெரிய கனவுகளை முன்வைத்தார். வானாய்வுக் கூடங்களை வானத்துக் கலங்கரை விளக்கங்கள் என்று அவர் வர்ணித்ததை எதிரிகள் கேலி செய்தார்கள். காங்கிரஸ் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கிடப்பில் போட்டது. ஜார்ஜியாவில் கிரீக் பழங்குடி மக்களை ஏமாற்றி எழுதி வாங்கிய 1825 உடன்படிக்கையை ரத்துசெய்து, அடுத்த ஆண்டு புதிய ஒன்றை ஏற்படுத்தினார். மாநில ஆளுநர் படையைக் காட்டி மிரட்டியபோது மத்திய அரசு பின்வாங்கியது. 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், தந்தை ஜான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் ஒரே நாளில் காலமானார்கள். 1828 தேர்தலில் ஜாக்சன் 178க்கு 83 என்ற கணக்கில் ஆடம்ஸை வீழ்த்தினார். அடுத்த ஆண்டே மூத்த மகன் ஜார்ஜ் வாஷிங்டன் ஆடம்ஸ் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். 62 வயதுக்குள் அரசியலும் வீடும் ஒருசேர நொறுங்கின.

அங்கேயே ஓய்ந்திருந்தால் அவர் பெயர் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியோடு முடிந்திருக்கும். 1830இல் பிளிமத் தொகுதி மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். முன்னாள் அதிபருக்கு இது இழுக்கு என்று குடும்பத்தினர் வருந்தினார்கள். மக்கள் கேட்டுக்கொண்டால் ஊர் நிர்வாகப் பொறுப்பை ஏற்பதுகூட இழுக்கல்ல என்பது அவர் நிலை. அதிபரானபோது அடைந்த மகிழ்ச்சி இதில் பாதிகூட இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார்.

அவர் அடிமை ஒழிப்பு இயக்கத்தவராக அங்கே நுழையவில்லை. தலைநகர வட்டாரத்தில் அடிமைமுறையை ஒழிக்கக் கோரிய குவேக்கர்களின் மனுக்களை 1831இல் சபையில் வைத்தபோதும், அந்தக் கோரிக்கையைத் தாம் ஆதரிக்கவில்லை என்று சொன்னவர் அவர். அவரை மாற்றியது சபையே. வடமாநிலங்களிலிருந்து, பெரும்பாலும் பெண்கள் வீடுவீடாகச் சென்று கையெழுத்து வாங்கிய மனுக்கள், ஆயிரக்கணக்கில் குவிந்தன. தென்மாநில உறுப்பினர்கள் 1836 மே மாதம் ஒரு விதியை நிறைவேற்றினார்கள்: அடிமைமுறை பற்றிய மனு எதுவானாலும் அச்சிடாமல், விவாதிக்காமல், தானாகவே ஒதுக்கி வைக்கப்படும். இதுதான் வாய்ப்பூட்டு விதி. மனு கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் முதல் திருத்தம் காக்கிறது. அதைப் பூட்டிவைக்க எந்தச் சபைக்கும் அதிகாரமில்லை என்று ஆடம்ஸ் எழுந்தார். எட்டு ஆண்டுகள் உட்காரவில்லை.

அவருடைய முறைகளில் வழக்கறிஞரின் சாமர்த்தியமும் கிழவரின் பிடிவாதமும் கலந்திருந்தன. 1837 பிப்ரவரியில், அடிமைகளே கையெழுத்திட்ட மனு ஒன்று தம்மிடம் இருப்பதாகவும் அது இந்த விதிக்குள் வருமா என்றும் சபாநாயகரைக் கேட்டார். சபை கொதித்தது; அவரைக் கண்டிக்கத் தீர்மானங்கள் பறந்தன. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகுதான், அந்த மனு அடிமை ஒழிப்பைக் கேட்கவில்லை, அதற்கு நேரெதிரானது என்று வெளிப்படுத்தினார். கண்டனம் தோற்றது. 1838 கோடையில், பெண்கள் அரசியல் மனுக்களில் கையெழுத்திடுவது அவர்களுக்கு அழகல்ல என்று பேசிய உறுப்பினர் ஒருவருக்குப் பதிலாக, வீட்டுக்கு வெளியேயும் பெண்களுக்குக் கடமையும் உரிமையும் உண்டு என்று நாள்கணக்கில் பேசினார். வாக்குரிமையே இல்லாத அமெரிக்கப் பெண்களின் குரலுக்கு அந்தச் சபையில் கிடைத்த முதல் பெரிய பாதுகாப்பு அது என்றே கருதலாம்.

1842 ஜனவரியில் மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊர்க்காரர்கள் அனுப்பிய மனுவை அவர் சபையில் வைத்தார். ஐக்கியத்தையே கலைத்துவிடக் கோரிய மனு அது. அக்கோரிக்கையை ஏற்க முடியாது என்று பதில் எழுத ஒரு குழு அமைக்க வேண்டும் என்றுதான் ஆடம்ஸ் கேட்டார். தென்மாநிலத்தார் இதைத் துரோகம் என்று சொல்லிக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 74 வயது முன்னாள் அதிபர் குற்றவாளியைப்போல் தம் தரப்பை எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. அவர் இரண்டு வாரம் பேசினார். வாய்ப்பூட்டு விதி தடுத்துவந்த அடிமைமுறை விவாதம் முழுவதையும் தற்காப்பு வாதத்தின் வழியாகவே சபைக்குள் கொண்டுவந்தார். பிப்ரவரி 7 அன்று 106க்கு 93 என்ற வாக்கில் தீர்மானம் கைவிடப்பட்டது. போர்க்காலத்தில் அடிமைகளை விடுவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்ற வாதத்தையும் இந்த ஆண்டுகளில் அவர் சபையில் நிறுவி வைத்தார். 1863இல் அதிபர் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அதே அடிப்படையில் நின்றது. 1844 டிசம்பர் 3 அன்று ஆடம்ஸ் கொண்டுவந்த தீர்மானம் வென்று வாய்ப்பூட்டு விதி நீங்கியது.

இந்தப் போராட்டத்தின் நடுவில் வந்தது அமிஸ்டாட் வழக்கு. சட்டவிரோதமாகக் கியூபாவுக்குக் கடத்தி விற்கப்பட்ட 53 ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் இன்றைய சியரா லியோன் பகுதியின் மெண்டே மக்கள், 1839இல் சின்கே என்பவரின் தலைமையில் அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றினார்கள். ஊருக்குத் திரும்ப முயன்றவர்கள் அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கி கனெக்டிகட் சிறையில் அடைபட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தும் அதிபர் வான் பியூரனின் அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கறிஞர் ரோஜர் பால்ட்வினுடன் சேர்ந்து வாதாட ஆடம்ஸ் ஒப்புக்கொண்டார். உச்ச நீதிமன்றத்தில் அவர் நின்று 30 ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது; கண்ணும் கையும் தளர்ந்திருந்தன. 1841 பிப்ரவரி 24 அன்றும் மார்ச் 1 அன்றுமாக எட்டு மணி நேரத்துக்குமேல் பேசினார். நீதிமன்றச் சுவரில் தொங்கிய சுதந்திரப் பிரகடனத்தைச் சுட்டிக்காட்டி, இந்த வழக்கைத் தீர்க்க வேறு சட்டம் தேவையில்லை என்ற பொருளில் வாதிட்டார். மார்ச் 9 அன்று நீதிபதி ஸ்டோரி எழுதிய தீர்ப்பு அவர்களைச் சுதந்திர மனிதர்கள் என்றது. சிறையிலும் வழியிலும் பலர் இறந்திருக்க, எஞ்சிய 35 பேர் அந்த ஆண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

அறிவியல் மீதான அவருடைய பற்றும் இந்தக் காலத்தில்தான் பலன் தந்தது. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அறிவைப் பரப்பும் நிறுவனம் ஒன்றுக்காக அமெரிக்காவுக்கு எழுதிவைத்த சுமார் 5 லட்சம் டாலரைச் சிதறாமல் காக்க ஆடம்ஸ் பத்தாண்டு மல்லுக்கு நின்றார். அந்தப் பணம் ஆர்கன்சா மாநிலப் பத்திரங்களில் முடங்கியபோது, அரசே ஈடுசெய்ய வேண்டும் என்று வாதாடினார். 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானது. 1843இல், 76 வயதில், சின்சினாட்டி வானாய்வுக் கூடத்துக்கு அடிக்கல் நாட்ட நீண்ட பயணம் செய்தார்.

மெக்சிகோவுடனான போரை அடிமைமுறையைப் பரப்பும் போர் என்று கருதி, 1846 மே மாதம் எதிர்த்து வாக்களித்த 14 பேரில் ஆடம்ஸ் ஒருவர். 1848 பிப்ரவரி 21 அன்று, அந்தப் போரின் தளபதிகளைக் கௌரவிக்கும் தீர்மானத்துக்கு எதிராகக் குரல் கொடுத்த சற்று நேரத்தில் தம் இருக்கையிலேயே சரிந்தார். சபாநாயகரின் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். இரண்டு நாள் கழித்து அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது சபையில் இருந்த புதிய உறுப்பினர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். ஆடம்ஸின் உடல் குவின்சி தேவாலயத்தில் பெற்றோருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. 1852இல் காலமான லூயிசாவும் பின்னர் அங்கேயே அடக்கமானார்.

12 வயதில் தொடங்கிய நாட்குறிப்பு 51 தொகுதிகளாக, 14,000 பக்கங்களுக்குமேல் வளர்ந்திருந்தது. எஞ்சிய ஒரே மகன் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், உள்நாட்டுப் போர்க்காலத்தில் லண்டனில் தூதராக இருந்தவர், அதிலிருந்து தேர்ந்த பகுதிகளை 1874 முதல் 1877 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டார். மூலப் பிரதிகள் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. அந்தக் கால அமைச்சரவைக் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்பதை அறிய ஆய்வாளர்கள் இன்றும் முதலில் திறப்பது அவற்றைத்தான்.