கோட்டை விட்ட கதை

மலர்க் குழு நண்பர்கள், "பழைய நினைவுகளை எல்லாரும் எழுதுவாங்க, நீ நம்ம ஊர் சரித்திரம் ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அதையும் ஒரு பழைய நினைவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் ஆண்டு ஆங்கிலத் தாளில் நான் தேறவில்லை. நோட்டீஸ் போர்டில் என் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்ற பேராசிரியர், "யூ ஹாவ் மெட் யுவர் வாட்டர்லூ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டா, ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. சாயந்திர ரயிலில் சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகர் வந்து இறங்கி வீட்டுக்குப் போனேன். அப்பா தமிழில் சொன்னார்: "இப்படிக் கோட்டை விட்டுட்டு வந்து நிக்கிறியேடா!" இது நன்றாகவே விளங்கியது.

வாட்டர்லூ பெல்ஜியத்தில் உள்ள ஊர். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் அங்கே வெல்லிங்டனிடமும் பிரஷ்யப் படையிடமும் தோற்றார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. வென்றுகொண்டே வந்தவன் கடைசியில் சந்திக்கும் பெருந்தோல்விக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு முன் எந்த வெற்றியும் பெறாத எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியான மரியாதைதான்.

நம் தொடர் வேறு மாதிரி. வாட்டர்லூவில் எதிரி ஜெயிக்கிறான். கோட்டை விட்டவனோ கையில் இருந்ததைத் தானே நழுவ விடுகிறான். கோட்டை போனால் சுற்றியுள்ள ஊர், வரி, நெல் எல்லாமே போகும் என்றிருந்த காலத்துப் பேச்சு இது. மதிலை வளைப்பவனுக்கு உழிஞைப் பூ, காப்பவனுக்கு நொச்சிப் பூ என்று இலக்கணம் வகுத்தவர்கள் நாம். அரணுக்குத் தனி அதிகாரமே வைத்த வள்ளுவர், செயல்திறம் இல்லாதவர் கையில் எந்தக் கோட்டையும் பயனில்லை என்றுதான் அதை முடிக்கிறார். அதற்குச் சாட்சி தேடி வேறெங்கும் போக வேண்டாம், நம் தேவனாம்பட்டினம் போதும்.

1690-இல் அங்கிருந்த கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கிற்று. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை உள்ள கிராமங்களும் சேர்த்து என்பது பேரம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது அங்கிருந்து தப்பிய இளைஞர் ராபர்ட் கிளைவ் வந்து சேர்ந்தது இங்கேதான். 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்கு இதுவே தலைமையிடம். டூப்ளே முயன்றும் இதைப் பிடிக்க முடியவில்லை.

அப்பேர்ப்பட்ட கோட்டை 1758 ஜூன் 2 அன்று போயிற்று. ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, சுமார் ஐந்தே வாரத்தில் காரியத்தை முடித்துவிட்டார். உள்ளே தளபதி மேஜர் போலியர். எதிரி நெருங்கும் முன்பே வெடிமருந்தைக் கண்டபடி சுட்டுத் தீர்த்திருந்தார்கள். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. சிப்பாய்கள் பலர் ஓடிவிட்டார்கள். கடல் வழியே வரவேண்டிய உதவி வந்து சேரவில்லை. வெள்ளைக் கொடி ஏறிற்று. லாலி கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்.

போலியர் அதே டிசம்பரில், சென்னை முற்றுகையின்போது எதிரிமீது பாய்ந்த படையோடு போய்க் காயம் பட்டு இறந்தார். கடலூர்ப் பழிதான் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பது என் எண்ணம். பிடித்தவர் கதை இன்னும் மோசம். 1761 ஜனவரியில் லாலி புதுச்சேரியைக் கோட்டை விட்டார். 1766-இல் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள்.

சிதம்பரம் மட்டும் இளைத்ததா? நடராசர் கோயில் மதில்கள் அந்த நூற்றாண்டில் கோட்டை மதில்களாகவே பயன்பட்டன. சந்நிதிக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் அதை நினைக்கிறோம்? 1781-இல் அங்கே ஹைதர் அலியின் ஆட்கள் இருந்தார்கள். தாக்க வந்த சர் அயர் கூட், அடி வாங்கித் திரும்பினார். தேதியைப் பாருங்கள்: ஜூன் 18! வாட்டர்லூவுக்குச் சரியாக 34 ஆண்டு முன்பு. ஆனால் கூட்டுக்கு அது வாட்டர்லூ ஆகவில்லை. பதின்மூன்றாம் நாள், ஜூலை 1 அன்று, பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் ஹைதரையே தோற்கடித்துவிட்டார். தோற்ற இடத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரம்.

இதில் பாதிக் கதையை எனக்குச் சொன்னவர் அப்பாதான். ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்துத் தேவனாம்பட்டினம் கூட்டிப் போனார். செடி மண்டிய செங்கல் சுவரைக் காட்டி லாலி, போலியர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பரீட்சையைப் பற்றிப் பேச்சே இல்லை. கடற்கரையில் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வருகையில் கெடிலம் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்ட என்னிக்குடா கடைசித் தேதி?"