அந்த இரவில் ஜான்சன் பார்க்காத நிகழ்ச்சி: வால்டர் கிரான்கைட் குறித்த ஹால்பர்ஸ்டாம் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1968 பிப்ரவரி 27 இரவில்தான் வந்து நிற்கிறார்கள். டெட் தாக்குதலுக்குப் பின் வியட்நாம் சென்று திரும்பிய அவர், போர் முட்டுக்கட்டையில் சிக்கிவிட்டது, பேச்சுவார்த்தைதான் வழி என்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் சொன்னார். அதைப் பார்த்த அதிபர் ஜான்சன், கிரான்கைட் கைவிட்டால் ‘மிடில் அமெரிக்கா’வே கைவிட்ட மாதிரி என்றாராம். மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார்.

இந்தச் சங்கிலிக்கு வரலாற்றுத் தகுதி கொடுத்தவர் டேவிட் ஹால்பர்ஸ்டாம். செய்தி வாசிப்பவர் ஒருவர் ஒரு போரை முடிந்ததாக அறிவித்தது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல்முறை என்று ‘தி பவர்ஸ் தட் பி’ (1979) நூலில் அவர் எழுதினார். வியட்நாம் போரைக் களத்திலிருந்து எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றவர் என்பதால் அவர் சொல்லை யாரும் எளிதில் தட்டுவதில்லை. ஆனால் அவருடைய வாசிப்பு பின்னாளில் வந்த புகழை முன்னாளுக்கு ஏற்றிப் பார்க்கிறது என்பதே என் கருத்து.

முதலில் இடம். நிகழ்ச்சி ஒளிபரப்பான நேரத்தில் ஜான்சன் வெள்ளை மாளிகையில் இல்லை; டெக்சஸின் ஆஸ்டின் நகரில், ஆளுநர் ஜான் கானலியின் 51ஆம் பிறந்தநாள் விழாவில் இருந்தார். இதை விரிவாக எடுத்துக்காட்டியவர் ஊடக வரலாற்றாய்வாளர் ஜோசப் கேம்பல் (2010). பிற்பாடு ஒளிநாடாவில் பார்த்தார் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது.

அடுத்தது அந்த வாசகம். ‘மிடில் அமெரிக்கா’ என்றும், ‘நாட்டையே’ என்றும், ‘போரையே’ என்றும் அது பல பாடங்களில் புழங்குகிறது. ஹால்பர்ஸ்டாமின் 1979 பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஜான்சன் தம் செய்திச் செயலர் ஜார்ஜ் கிறிஸ்டியனிடம் சொன்னதாக, அயற்கூற்றில், மேற்கோள் குறியின்றி அது வருகிறது. அங்கே இழக்கப்படுவது ‘மிடில் அமெரிக்கா’ அல்ல, ‘மிஸ்டர் ஆவரேஜ் சிட்டிசன்’. பிறர் பேச்சின் சாரத்தைத் தம் நடையில் ஓர் எழுத்தாளர் சுருக்கிச் சொல்வது போலத்தான் அந்தத் தொடர் இருக்கிறது. அப்படியே காதில் விழுந்த பேச்சாகத் தோன்றவில்லை. ‘மிடில் அமெரிக்கா’ அரசியல் முழக்கமாகப் பரவியது நிக்சன் காலத்தில். ‘டைம்’ இதழ் 1969ஆம் ஆண்டின் மனிதராக ‘மிடில் அமெரிக்கர்’களைத் தேர்ந்தது 1970 ஜனவரியில்தான். ஆகவே இன்று எல்லோரும் எடுத்தாளும் பாடம் 1968க்குப் பிந்தைய மெருகு என்றே கருதுகிறேன். அந்தச் சொற்சேர்க்கை 1968 பிப்ரவரியில் எவர் வாயிலும் வந்திருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்ல இது போதாது. முந்தைய பாடம் எது, மெருகேறிய பாடம் எது என்று பிரிக்க இது போதும்.

இனி அவருடைய செல்வாக்கு. 1916இல் மிசௌரியின் செயின்ட் ஜோசப்பில் பிறந்த கிரான்கைட், பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1937இல் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தவர். உலகப் போரையும் நியூரம்பர்க் விசாரணையையும் மாஸ்கோவையும் அதற்காக எழுதி, 1950இல் சிபிஎஸ்ஸுக்கு வந்தவர். மாலைச் செய்தி அவர் கைக்கு வந்தது 1962 ஏப்ரல் 16 அன்று. ஆனால் 1964இல் குடியரசுக் கட்சி மாநாட்டு ஒளிபரப்பில் என்பிசியின் ஹன்ட்லி, பிரிங்க்லி இணையிடம் சிபிஎஸ் தோற்றதும், அடுத்து வந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு அவரை நாற்காலியிலிருந்தே இறக்கிவிட்டார்கள். ‘நாட்டின் மிக நம்பகமான மனிதர்’ என்ற பட்டமோ 1972இன் கருத்துக்கணிப்பு ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் கணிப்பில் அவரோடு ஒப்பிடப்பட்டவர்கள் அரசியல்வாதிகள். 1968இன் கிரான்கைட்டுக்கு 1972இன் மகுடத்தைச் சூட்டிவிட்டுத்தான் ஹால்பர்ஸ்டாம் கதையைத் தொடங்குகிறார்.

அவருடைய மதிப்பு எதனால் வளர்ந்தது என்பதற்கு 1963 நவம்பர் 22 போதும். சுடப்பட்ட அதிபர் கென்னடி இறந்துவிட்டார் என்று டல்லஸிலிருந்து நிருபர் டான் ராதரின் தகவல் வந்துவிட்டது. கிரான்கைட் அதைத் தகவலாகவே சொல்லி, உறுதியாகவில்லை என்றும் சேர்த்தார். செய்தி நிறுவனத்தின் தாள் கைக்கு வந்த பிறகே மூக்குக் கண்ணாடியை அணிந்து அறிவிப்பைப் படித்தார். கழற்றிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 38 நிமிடங்களுக்கு முன் என்று நேரத்தைக் கணக்கிட்டுச் சொன்னார். குரல் தழுதழுத்தது அதற்குப் பிறகுதான். உறுதியாகும் வரை சொல்லாமல் காத்திருப்பது செய்தி நிறுவனத்தில் ஊறிய பழக்கம்.

அந்த மனிதர்தான் 1968இல் பேசினார். பேசியது மாலைச் செய்தியில் அல்ல, இரவு பத்து மணிச் சிறப்பு நிகழ்ச்சியில். அதுவும் முடிவுரையில், இது ஊகம், சொந்தக் கருத்து, அகநிலைப் பார்வை என்று முன்னறிவித்துவிட்டுப் பேசினார். உடனே படைகளைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. வாக்குக் காத்த கண்ணியமானவர்களாகப் பேச்சுவார்த்தைக்குச் செல்லலாம் என்றார். செய்தியையும் கருத்தையும் இவ்வளவு கவனமாக வேலி கட்டிப் பிரித்த உரையைப் ‘போரை முடித்த அறிவிப்பு’ என்பது அந்த உரையின் வடிவத்துக்கே அநீதி.

நாட்டின் மனமும் அதற்கு முன்பே திரும்பியிருந்தது. படை அனுப்பியது தவறு என்றவர்கள் 1965 ஆகஸ்ட் காலப் கணிப்பில் 24 சதவீதம், 1967 அக்டோபரில் 47 சதவீதம். ‘முட்டுக்கட்டை’ என்ற கணிப்பை ‘நியூயார்க் டைம்ஸ்’ 1967 ஆகஸ்டிலேயே அச்சிட்டிருந்தது. ஜான்சன் விலகியதற்கு நியூ ஹாம்ப்ஷயர் முதற்கட்டத் தேர்தலில் போர் எதிர்ப்பு வேட்பாளர் மெக்கார்த்தி பெற்ற வாக்கும், ராபர்ட் கென்னடி களமிறங்கியதும், மார்ச் இறுதியில் மூத்த ஆலோசகர்கள் கைவிரித்ததும் கண்முன் இருக்கும் காரணங்கள்.

இவ்வளவிலும் கேம்பலோடு எனக்கு உடன்பாடு. ஆனால் மார்ச் 18 அன்றும் மினியாபோலிஸில் ஜான்சன் வீறாப்பாகவே பேசினார், ஆகவே நிகழ்ச்சி அவரைத் தொடவில்லை என்னும் வாதம் எனக்கு ஒப்பவில்லை. பொதுமேடையில் ஒரு அதிபர் காட்டும் முகம் அவர் உள்ளத்துக்குச் சான்றாகாது. பார்க்கவில்லை என்பதிலிருந்து கேள்விப்படவில்லை என்பது பெறப்படாது. அவரைச் சுற்றியிருந்தவர்கள் வழியாக அந்த உரை எந்த நாளில், எந்த அளவில் அவர் காதை எட்டியது என்பது தீராத கேள்வி.

ஹால்பர்ஸ்டாமுக்கு எதிரான வலுவான சாட்சி அவர் நூலுக்குள்ளேயே இருக்கிறது. 1972 அக்டோபர் 27 அன்று மாலைச் செய்தியில் வாட்டர்கேட் விவகாரத்துக்கு ஏறத்தாழ 14 நிமிடம் ஒதுக்கினார் கிரான்கைட். நிக்சனின் உதவியாளர் சார்லஸ் கோல்சன் சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலியை நெருக்கினார். அக்டோபர் 31 அன்று வந்த இரண்டாம் பகுதி எட்டு நிமிடமாகச் சுருங்கியது. நம்பகமான மனிதர் என்ற பட்டம் கையில் இருந்த ஆண்டு அது. அப்படியிருந்தும் அடுத்த வாரத் தேர்தலில் நிக்சன் 49 மாநிலங்களில் வென்றார்.