ஆட்டோகிளேவ் இல்லாமல் விமானப் பாகம் செய்ய முடியுமா? சுபாங்குக்கு அது ஏன் முக்கியம்?

சுபாங் விமான நிலையத்தை ஒட்டிய தொழில் வட்டாரத்தில், ஏர்பஸ், போயிங் விமானங்களுக்கான கார்பன் இழைப் பாகங்களைச் செய்யும் ஆலை ஒன்று 2009 முதல் இயங்குகிறது. ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கிய ஆலை அது. மலாக்கா, பத்து பெரண்டாமில் உள்ள சிடிஆர்எம் நிறுவனம் 95.2 மில்லியன் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கிக்கொள்ள 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்தது. நம் நாட்டு நிறுவனத்தின் கைக்கு ஓர் ஆலை வருவது நல்ல செய்திதான். ஆனால் அந்தத் தொழிலின் மையத்தில் இருக்கும் இயந்திரத்தையே தவிர்க்க முடியுமா என்று விமானத் துறை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இயந்திரத்தின் பெயர் ஆட்டோகிளேவ்.

ஆட்டோகிளேவ் என்ன செய்கிறது?

பேருந்தே உள்ளே போகும் அளவுக்குப் பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் என்னும் பிசின் ஏற்கெனவே ஊறிய கார்பன் துணியை அச்சின்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, பிளாஸ்டிக் பையால் மூடிக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே தள்ளுவார்கள். சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூடு, கூடவே 6, 7 பார் அழுத்தம். அதாவது, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஆறேழு மடங்கு. தீப்பிடிக்காமல் இருக்க, பெரும்பாலும் நைட்ரஜனை நிரப்புவார்கள். பல மணி நேரம் கழித்துப் பாகம் கெட்டியாகி வெளியே வரும்.

அவ்வளவு அழுத்தம் எதற்கு? அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்றையும் ஈரத்தையும் குமிழாக விடாமல் நசுக்கி வைக்கத்தான். விமானத்தின் முக்கியப் பாகங்களில் இந்த நுண்துளைகள் பொதுவாக 1, 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் அபாயம் உண்டு.

குறை என்னவென்றால், இயந்திரத்தின் விலையும் அதிகம், மின்செலவும் அதிகம். பாகம் பெரிதானால் குக்கரும் பெரிதாக வேண்டும். ஒரு சுற்று முடியும்வரை அடுத்த பாகம் வரிசையில் காத்துக் கிடக்கும். ஏ320 ரக விமானங்களை மாதம் 75 வரை தயாரிக்க ஏர்பஸ் இலக்கு வைத்திருக்கிறது. அந்த வேகத்துக்கு இந்த வரிசை ஒரு முட்டுக்கட்டை.

மாற்று வழிகள்

ஒன்று, பிசின் இல்லாத உலர்ந்த இழைத்துணியை அச்சில் அடுக்கி, மேலே பை போட்டு, காற்றை உறிஞ்சும் விசையாலேயே பிசினை உள்ளே இழுப்பது. வெற்றிட ஊடுருவல் என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் முப்பந்தல் பக்கம் போனவர்கள் பார்க்கும் காற்றாலைகளின் நீண்ட இறக்கைகளைச் செய்ய உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது இந்த வழிதான். விமானத்திலும் வந்துவிட்டது. போயிங் 787 இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகங்கள் மெல்பர்னில் இப்படித்தான் தயாராகி, ஓவனில் கெட்டியாகின்றன. ரஷ்யாவின் எம்சி-21 விமானத்தின் முழு இறக்கையையே உல்யானோவ்ஸ்க் ஆலை ஆட்டோகிளேவ் இல்லாமல் செய்தது. அந்த விமானம் 2017 மே மாதம் முதன்முறை பறந்தது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும் ‘வெரிட்டி’ என்ற பெயரில் ஓர் ஊடுருவல் முறையை உருவாக்கி, சரஸ் விமானத்தின் இறக்கைக்குப் பயன்படுத்தியது.

இரண்டாவது, இரு பக்கமும் மூடிய உலோக அச்சுக்குள் பிசினை அழுத்தி ஏற்றுவது. ஏர் ஏசியாவின் ஏ320 நியோவில் ஏறப் போகும்போது எஞ்சினின் முன்பக்கம் தெரிந்தால், விசிறித் தகடுகளை எண்ணிப் பாருங்கள். பழைய ஏ320-இன் சிஎஃப்எம் எஞ்சினில் 36 டைட்டானியத் தகடுகள் இருக்கும். நியோவில் உள்ள லீப் எஞ்சினில் 18 மட்டுமே. முப்பரிமாணத்தில் நெய்த கார்பன் இழையை அச்சில் வைத்துப் பிசின் ஏற்றிச் செய்தவை அவை.

மூன்றாவது, பிசின் ஊறிய துணியையே பயன்படுத்தி, வெற்றிடப் பையோடு சாதாரண ஓவனில் சூடேற்றுவது. இதற்கான துணியில் பிசினை முழுதாக ஊற விடமாட்டார்கள். உலர்ந்த நூலிழைகள் நடுவில் கொஞ்சம் இருக்கும். காற்று அந்த வழியாக ஓரத்துக்கு ஓடிவிடும்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

ஈரத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் எவ்வளவு ஈரம் என்று, துணி காயப்போட்ட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசின் அந்த ஈரத்தைக் குடிக்கும். சூடேறும்போது அது நீராவியாகும். 120 டிகிரியில் நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். 180-இல் சுமார் 10 பார். ஆட்டோகிளேவின் 7 பார் அதை ஓரளவு அடக்கி வைக்கும். வெறும் வெற்றிடப் பை அதிகபட்சம் 1 பார்தான் தரும். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுபாங்கில் அந்த ஒன்றாவது கிட்டத்தட்ட முழுதாகக் கிடைக்கும். 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் அதுவும் சுமார் 0.9 தான்!

ஆகவே, ஈரத்தை நசுக்க முடியாது, முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும். அடுக்கும் அறையில் ஈரப்பதம் கட்டுக்குள் இருக்க வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்த துணிச் சுருளை, குளிர் முழுதும் விட்டுப்போகும் முன் பிரித்தால் அதன்மேல் பனித்துளி படியும். பையில் காற்றை உறிஞ்சியபடியே பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பிறகு குறைந்த சூட்டில் மெதுவாகக் கெட்டியாக்கி, அச்சிலிருந்து கழற்றி, 180 டிகிரியில் இன்னொரு முறை சூடேற்றுவார்கள். பையின் ஓரத்தில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் பாகம் குப்பைக்குப் போகலாம். ‘ஓவன்தானே, மலிவு’ என்று நினைத்தால், மிச்சம் பிடித்த நேரமும் பணமும் இங்கே கரைந்துவிடும். பை ஒட்டுபவரின் கைத்திறனே பாதி வேலை என்று சொன்னால் மிகையில்லை.

சுபாங்கில் என்ன மாறும்?

இப்போது செய்யும் பாகங்களில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். விமானத் துறையில் பாகத்தோடு அதைச் செய்யும் முறைக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். முறையை மாற்றினால், பொருள் சோதனை, வலிமைச் சோதனை எல்லாம் மறுபடி செய்ய வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாகத்துக்கு அந்தச் செலவை யாரும் லேசில் செய்யமாட்டார்கள். நடுவழியும் உண்டு: ஏ220 இறக்கைக்கு பெல்ஃபாஸ்டில் உலர்ந்த துணியைத்தான் அடுக்குகிறார்கள், ஆனால் பிசின் ஏற்றுவது ஆட்டோகிளேவுக்குள்.

புதிய விமானங்களின் கதை வேறு. ஏர்பஸ் தன் ‘நாளைய இறக்கை’ ஆய்வுத் திட்டத்தில் பிசின் ஊடுருவலைச் சோதித்து வருகிறது. ஏ320-க்கு அடுத்து வரும் விமானத்துக்கு அந்த வழி தேர்வானால், பாகங்களுக்கான வேலையைக் கேட்டு வரும் நாடுகளிடம் ‘உங்களிடம் எத்தனை ஆட்டோகிளேவ் இருக்கிறது?’ என்ற கேள்வி முதலில் வராது. உலர்ந்த துணி அடுக்கத் தெரிந்தவர்கள், பிசின் ஓட்டத்தைக் கணினியில் கணிக்கத் தெரிந்த பொறியாளர்கள், மீயொலிக் கருவியால் துளைகளைக் கண்டுபிடிக்கும் பரிசோதகர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். எஸ்பிஎம் முடித்துத் தொழில்திறன் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சேருமுன் விசாரிக்க வேண்டியதும் இதைத்தான்: பயிற்சிக் கூடத்தில் பிரீபிரெக் துணி மட்டும்தானா, பிசின் ஊடுருவலும் சொல்லித்தருகிறார்களா?