பின் கண்ணாடிக்கு ஏன் வைப்பர்?

சாலையில் போகும் கார்களைக் கவனித்துப் பாருங்கள். டிக்கி நீண்டிருக்கும் செடான் கார்களில் பெரும்பாலும் பின்பக்க வைப்பர் இருக்காது. பின்புறம் செங்குத்தாக முடியும் ஹேட்ச்பேக் கார்களில் பெரும்பாலும் இருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

1903ல் அமெரிக்கப் பெண்மணி மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற வைப்பர், முன் கண்ணாடியில் விழும் மழையையும் பனியையும் துடைப்பதற்கானது. பின் கண்ணாடிக்கோ பெரிய எதிரி, காரே கிளப்பும் சேறுதான்!

செடானில் கூரையைத் தாண்டும் காற்று, சரிவான கண்ணாடியை ஒட்டியே இறங்கி டிக்கியின் மேலாகப் போய்விடுகிறது. சேறு படியும் இடமும் கண்ணாடியிலிருந்து தள்ளியே இருக்கிறது. ஹேட்ச்பேக்கில் காற்று கூரையின் முனையிலேயே பிரிந்துவிடுகிறது. காருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. சக்கரங்கள் வாரி இறைக்கும் சேற்று நீரை அந்தச் சுழல் மேலே இழுத்துக் கண்ணாடியில் பூசிவிடுகிறது. பின்னால் வரும் லாரிகூட ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம்.

ஐரோப்பாவில் 1961ல் ரெனோ 4, 1965ல் ரெனோ 16, 1974ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் என ஹேட்ச்பேக்குகள் பெருகின. அவற்றோடு பின்பக்க வைப்பரும் பரவியது.

ஆகவே அது ஆடம்பரம் அல்ல. காரின் வடிவம் உண்டாக்கிய குறைக்கு, மனிதன் கண்ட எளிய தீர்வு.