காட்டுப்பாக்கமும் பன்றி நோய்களும்

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் வரலாற்றை எழுதுவோர், 2019 வரை அம்மாவட்ட எல்லைக்குள் இருந்த காட்டுப்பாக்கத்தை அரிதாகவே நினைவுகூர்கின்றனர். ஆனால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அமைந்த அவ்வூரில்தான், முக்கால் பங்கு பெரிய வெள்ளை யார்க்‌ஷயரும் கால் பங்கு நாட்டுப்பன்றியும் கலந்த 'டானுவாஸ் கேபிஎம் கோல்டு' உருவானது. இத்தகைய பண்ணைகள் நெடுங்காலம் அஞ்சியது, சினைப்பன்றிகளில் கருச்சிதைவையும் உண்டாக்கும் பன்றிக் காய்ச்சலையே. முயல்களில் செலுத்தி வீரியம் குறைத்த வைரஸே அதற்குத் தடுப்பூசியாயிற்று. ஒரு முயலிலிருந்து ஏறத்தாழ 50 பன்றிகளுக்கான மருந்தே கிடைத்ததால், அத்தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது வியப்பன்று.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் காரணம் புரியாமல் 'மர்ம நோய்' எனப்பட்ட இன்னொரு பன்றி நோய், 1991 இல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட்டில் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே இனப்பெருக்க, சுவாச நோய்க்குறித் தொகுப்பாக அடையாளம் பெற்றது. நுரையீரலைக் காக்கும் விழுங்கணுக்களையே அவ்வைரஸ் தாக்குவதால் குட்டிகள் மூச்சுத் திணறுகின்றன. தாய்ப்பன்றிகளோ சினையின் இறுதிக் கட்டத்தில் கருவை இழக்கின்றன. காது நீலம் பாரிப்பதால் 'நீலக்காது நோய்' என்றும் வழங்கும் இது, 2013 இல் மிசோரமில் இந்தியாவில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. வைரஸ் அடிக்கடி உருமாறுவதால் தடுப்பூசி முழுக் காப்பளிப்பதில்லை. எனவே புதிய பன்றிகளைத் தனிமைப்படுத்திச் சோதிப்பதும், கொட்டிலை முழுதும் காலிசெய்து கிருமிநீக்கிய பின்பே அடுத்த கூட்டத்தை விடுவதும் இன்றியமையாதவை.