செங்குருதியணு மருந்தூர்தியின் வரலாறு

செங்குருதியணு மருந்தூர்தி என்பது, இரத்தச் சிவப்பணுக்களுக்குள் மருந்தை அடைத்து நோயாளியின் உடலில் செலுத்தும் முறையாகும். சிவப்பணு சுமார் 120 நாள்கள் உடலில் உலவும். மூப்படைந்த அல்லது சிதைந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் விழுங்கிவிடும். ஆகவே மருந்தை நெடுநாள் சுமக்கவும், கல்லீரலுக்கே கொண்டுசேர்க்கவும் இவ்வணு ஏற்றது.

அடைக்கும் முறை எளிது. உப்பு குறைந்த நீர்மத்தில் இட்ட சிவப்பணு, ஊறவைத்த உலர்திராட்சை போல நீரேறி உப்பும். ஓர் எல்லையில் சவ்வில் துளைகள் விழ, ஈமோகுளோபினில் ஒரு பகுதி வெளியேறும். மருந்து உள்ளே புகும். உப்பைச் சரிசெய்து உடல் வெப்பநிலையில் வைத்தால் துளைகள் மூடிக்கொள்ளும். பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும் சவ்வூடு பரவல்தான்!

1973இல் பிட்சுபர்க்கில் காரெட் ஐலரும் குழுவினரும் இவ்வாறு நொதிகளை அடைத்துக் காட்டினர். நொதிக் குறைவால் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும் கோசர் நோய்க்கு, 1977இல் எர்னசுட்டு பியூட்லர் குழுவினர் இதை நோயாளிகளிடம் முயன்றனர். ஆனால் அந்த நொதியின் சர்க்கரைப் பகுதியை மாற்றி நேரடியாக ஊசியில் செலுத்தும் மருந்து 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிவப்பணு அங்கே தேவையற்றுப் போயிற்று.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் தல்வார், என். கே. ஜெயின் ஆகியோர் மலேரியா மருந்தான பிரைமாகுயினைச் சிவப்பணுவில் அடைத்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். கல்லீரலில் ஒளிந்திருக்கும் மலேரியா ஒட்டுண்ணியை அழிப்பது பிரைமாகுயின். எனவே இந்த ஊர்தி பொருத்தமான தேர்வே. ஒரு விந்தை: குறிப்பிட்ட ஒரு நொதிக் குறைபாடு உடையவர்களிடம் சிவப்பணுக்களைச் சிதைப்பதும் இதே மருந்துதான்.

பிரான்சின் லியோன் நகர நிறுவனமான எரிடெக், கொடையாளர் சிவப்பணுவில் அசுபராசினேசு நொதியை அடைத்தது. கணையப் புற்றுநோயில் அது ஆயுளை நீட்டவில்லை என 2021இல் தெரிந்தது.

இன்னொரு முயற்சி சிறுவர்களுக்கானது. அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்னும் மரபுநோய் நடையையும் பேச்சையும் படிப்படியாகப் பறிக்கும். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டெக்சாமெத்தசோன் தரலாம், ஆனால் நாள்தோறும் கொடுத்தால் பக்கவிளைவுகள் கடுமை. எனவே நோயாளியின் சொந்த இரத்தத்தில் சிறிதளவு எடுத்து, மருந்தை அடைத்து, மாதத்திற்கொரு முறை திருப்பிச் செலுத்தும் முறையை இத்தாலியர் உருவாக்கினர். உள்ளிருந்து மருந்து மெல்லக் கசியும். இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. முதன்மை இலக்கு எட்டப்படவில்லை.